பழைய டாப் லோடு வாஷிங் மெஷின்கள்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், மேலிருந்து துணி போடும் பழைய வாஷிங் மெஷின்களைத் தேடி வாங்குவது, பழுது பார்ப்பது, சேர்த்து வைப்பது பற்றிய கேள்விகள் இந்த முறை அதிகமாக இருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

ஓசூர் வாசகர்: தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய டாப் லோடு மெஷின்களை வாங்கிச் சரி செய்து சேர்த்து வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடைகளில் கேட்டால் புதியவற்றைத்தான் காட்டுகிறார்கள். எங்கே தேடுவது?

பதில்: இந்த இரண்டு மாவட்டங்களில் தேடுவதற்கு ஓசூரைவிட நல்ல இடம் கிடையாது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற நிறுவனங்கள் ஆலைகளைத் திறந்தபோது, மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் அங்கே குடியேறின. நம் நாட்டில் வீட்டு உபயோக வாஷிங் மெஷின்கள் பரவலாக விற்பனைக்கு வந்ததும் 1980களின் பிற்பகுதியில்தான். அந்த முதல் தலைமுறை மெஷின்களை வாங்கியவர்கள் இன்று ஓய்வு பெற்று, வீட்டைப் புதுப்பிக்கவோ விற்கவோ பிள்ளைகளுடன் போய் இருக்கவோ தொடங்கியிருக்கும் காலம் இது. மொட்டைமாடி அறையிலும் மாடிப்படிக்கு அடியிலும் துணி மூடிக் கிடந்த மெஷின் அப்போதுதான் வெளியே வருகிறது.

ஆகவே நீங்கள் பழக வேண்டியவர்கள் ஷோரூம்காரர்கள் அல்லர். அந்த வீடுகளுக்குள் போய் வருகிறவர்கள். பெயின்டர், பிளம்பர், வீடு காலி செய்யும்போது சாமான் ஏற்றும் வண்டிக்காரர், பல ஆண்டுகளாக அதே பகுதியில் வேலை பார்க்கும் வாஷிங் மெஷின் மெக்கானிக் ஆகியோரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, உங்களுக்கு எந்த மாதிரி மெஷின் வேண்டும் என்பதைப் படத்துடன் காட்டி வையுங்கள். தகவல் சொன்னவருக்கு, நீங்கள் வாங்காவிட்டாலும், ஒரு சிறு தொகை கொடுத்துவிடுங்கள். அடுத்த தகவலும் உங்களுக்கே வரும்.

ஷோரூம்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஆயுத பூஜை, தீபாவளிக் காலங்களில் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் சலுகையில் வந்து சேரும் மெஷின்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறவர் யார் என்று கேளுங்கள். அந்த வியாபாரியின் குடோனில் ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டால், கடை கடையாக அலைவதைவிட அதிகம் பார்த்துவிடலாம்.

கடைசி இடம் காயலான் கடை. அங்கே நேரம்தான் எல்லாம். கடைக்காரருக்கு ஒரு பழைய மெஷினில் முதலில் கண்ணில் படுவது மோட்டாரில் உள்ள செம்புக் கம்பி. மெஷின் இறங்கிய ஓரிரு நாட்களில் மோட்டாரைக் கழற்றிவிடுவார். அதன்பின் டிரம்மின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தனியாக, தகடு தனியாக, பிளாஸ்டிக் தனியாகப் பிரிந்து போய்விடும். "உடைப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், இரும்பு விலைக்கு மேல் தருகிறேன்" என்று சொல்லி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பழக்கத்தில் கிடைக்கும் மற்றொரு நன்மை, உடைந்துபோன மெஷின்களின் பட்டன், மூடி, பல்சேட்டர் (துணியைச் சுழற்றும் வட்டத் தட்டு) போன்றவற்றையும் அவர் எடுத்து வைக்கத் தொடங்குவார் என்பது.

தருமபுரி வாசகர்: நான்கு ரோடு அருகே ஒரு பழைய பொருள் கடையில் ஒரே நிறுவனத்தின் இரண்டு டாப் லோடு மெஷின்கள் உள்ளன. ஒன்று ஓடுகிறது, ஆனால் மூடி இல்லை, முன்பலகை வேறு மாடலுடையது. இன்னொன்று ஓடவில்லை, ஆனால் எல்லாப் பாகங்களும் இருக்கின்றன. கடைக்காரர் ஓடுவதற்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார். எதை வாங்குவது?

பதில்: ஓடாததை வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள், முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை ஓட வைக்கும் பாகங்களான கெப்பாசிட்டர், பெல்ட், டைமர், டிரெயின் ஹோஸ், பேரிங், ஆயில் சீல் ஆகியவை பொதுவான அளவுகளில் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. மோட்டார் எரிந்திருந்தால் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) கட்டித் தருகிறவர் எந்த ஊரிலும் இருக்கிறார். ஆனால் அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த மூடியும், எழுத்து பதித்த முன்பலகையும், குமிழ்களும், டிரம்மின் நடுவே நிற்கும் தண்டும் எந்தக் கடையிலும் இனிக் கிடைக்காது. இன்னொரு மெஷின் உடைந்தால்தான் உங்களுக்கு அது கிடைக்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், பழைய துணி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். முதலில் பின்பக்கத் தகட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டையைத் தேடுங்கள். மாடல் எண், வரிசை எண், வோல்ட், ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அலைவெண்) ஆகியவை அதில்தான் இருக்கும். அது கிழிந்திருந்தால் பிறகு பாகம் தேடும்போது திண்டாட வேண்டியிருக்கும். அடுத்து மூடியைத் திறந்து, உள் டிரம்மை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். டிரம்மைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டியான டப் முழுவதும் ஸ்பிரிங்கில் தொங்குவதால் மொத்தமாக ஊசலாடுவது இயல்பு. டிரம் மட்டும் தனியே லொட லொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. பின்பு டிரம்மை மெதுவாகக் கையால் சுற்றிக் காதை அருகில் வையுங்கள். மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு கேட்டால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பேரிங் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். இரண்டையும் மாற்றலாம், ஆனால் அதற்கான செலவை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

அதன்பின் கடைக்காரரின் உதவியுடன் மெஷினைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கியர் பாக்ஸைச் சுற்றி எண்ணெய்க் கசிவு பிசுபிசுப்பாகப் படிந்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். வெளித்தகட்டின் அடிவிளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள்; பெயின்ட்டுக்கு மேல் தெரியும் துரு பெரிய குறையல்ல, ஆனால் விரல் அழுத்தினாலே தகடு நொறுங்கினால், நான்கு கால்களும் நிற்கும் அந்த இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும். எலி கடித்த ஒயர்களை நம் ஊர்ப் பழைய மெஷின்களில் அடிக்கடி பார்க்கலாம். அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. ஒயரை மாற்றாமல் மட்டும் மின் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

ஓடுகிற மெஷினுக்குக் கடைக்காரர் இரண்டு மடங்கு கேட்பது அவர் கணக்கில் நியாயமே, ஏனென்றால் அதைத் துணி துவைக்க வாங்குகிறவர் உண்டு. நீங்கள் சேகரிப்பவர், உங்கள் கணக்கு வேறு.

காவேரிப்பட்டினம் கல்லூரி மாணவர்: சில பழைய மெஷின்களில் டிரம்மின் நடுவே உயரமான தண்டு இருக்கிறது. சிலவற்றில் அடியில் வட்டத் தட்டு மட்டும் இருக்கிறது. எது பழையது? இரண்டுக்கும் வரலாறு உண்டா?

பதில்: நல்ல கேள்வி, இவற்றைச் சேகரிக்கிறவர் முதலில் அறிய வேண்டியதும் இதுதான். நடுத்தண்டுக்கு அஜிடேட்டர் என்று பெயர். அது முழுச் சுற்றாகச் சுழலாமல், அரை வட்டம் போல இப்படியும் அப்படியும் திரும்பித் துணியை அலசும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரிலிருந்த மேடாக் நிறுவனம் 1922இல் கொண்டுவந்த மெஷினில், அஜிடேட்டர் டப்பின் அடியிலிருந்து இயங்கியது. அதற்கு முன் பல மெஷின்களில் துணியைக் கலக்கும் பகுதி மூடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு மாற்றமே அந்த நிறுவனத்தை நாட்டின் முன்னணிக்குக் கொண்டுசென்றது. ஈரத் துணியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழியும் பழைய வகையையும் அது 1983 வரை விடாமல் தயாரித்தது. பின்னர் 2006இல் அதை வேர்ல்பூல் வாங்கியது. அடுத்த ஆண்டே நியூட்டன் ஆலை மூடப்பட்டது. மேடாக் மெஷின்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் இவ்வளவு பேர் இருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

தானாகவே தண்ணீர் பிடித்து, துவைத்து, பிழிந்து நிற்கும் வீட்டு மெஷினை 1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் காட்டியபோது, அது முன்பக்கம் கதவு வைத்ததாக இருந்தது. மேலிருந்து துணி போடும் தானியங்கி மெஷின்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947ஐ ஒட்டி, ஜெனரல் எலக்ட்ரிக், வேர்ல்பூல் போன்ற நிறுவனங்களிடமிருந்து வந்தன. இவற்றில் எல்லாம் அஜிடேட்டர்தான்.

அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்கு பல்சேட்டர் என்று பெயர். அதன் வழி வேறு. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் மெர்தர் டிட்ஃபில் நகரில் ஹூவர் நிறுவனம் 1948இல் தயாரிக்கத் தொடங்கிய சிறிய மெஷினில் பல்சேட்டர் டப்பின் பக்கச் சுவரில் இருந்தது. அதே முறையில் 1953இல் சான்யோ ஜப்பானில் ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. விலை குறைவாகவும் உருவம் சிறியதாகவும் இருந்ததால் ஜப்பானிய வீடுகளில் அது வேகமாகப் பரவியது. பின்னாளில் பல்சேட்டர் அடிப்பகுதிக்கு இறங்கியது, பிழிவதற்குப் பக்கத்தில் இன்னொரு டப் சேர்ந்தது. நம் வீடுகளில் இன்று வரை ஓடும் இரட்டை டப் செமி ஆட்டோமேட்டிக் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராத ஊர்களில், வாளியால் ஊற்றியும் ஓட்ட முடிகிற இந்த மெஷின் நிலைத்து நின்றதில் வியப்பில்லை.

ஆகவே அஜிடேட்டர் வம்சம் பழையது, பல்சேட்டர் வம்சம் இளையது. ஆனால் நீங்கள் பார்க்கும் ஒரு தனி மெஷினின் வயதை இதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் இரண்டும் பல பத்தாண்டுகள் அக்கம்பக்கமாகத் தயாரிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டுக் கதையைச் சொல்லும் தொகுப்பு வேண்டுமானால், 1980களின் பிற்பகுதியில் வீடியோகான் வெளியிட்டவையும், டி.வி.எஸ்.ஸுடன் கூட்டுச் சேர்ந்து வேர்ல்பூல் புதுச்சேரியில் தயாரித்தவையும், 1991க்குப் பிறகு சந்தை திறந்து கொரிய நிறுவனங்கள் வந்த காலத்தவையும் வரிசையாக இருந்தால் போதும். "டி.வி.எஸ். வேர்ல்பூல்" என்று இரு பெயரும் சேர்ந்து எழுதிய முன்பலகை கிடைத்தால் அதை விடாதீர்கள். அந்தக் கூட்டு நெடுநாள் நீடிக்கவில்லை.

பாலக்கோடு வாசகி: என் மாமியார் வாங்கிய இரட்டை டப் மெஷின் பல ஆண்டுகளாக ஓரமாக இருந்தது. இப்போது இணைப்புக் கொடுத்தால் துவைக்கும் பக்கம் "உம்" என்று சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. மோட்டார் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

பதில்: அம்மா, மோட்டார் எரிந்திருந்தால் பெரும்பாலும் சத்தமே வராது, அல்லது கருகிய வாசனை வரும். "உம்" என்ற சத்தத்துடன் நின்றுபோவதற்கு முதல் காரணம் கெப்பாசிட்டர். மோட்டார் புறப்படுவதற்கான உந்துதலைத் தருவது அதுதான். வருடக் கணக்கில் கிடந்தால் அதன் திறன் குறைந்துவிடும். சத்தம் வந்தும் சுற்றவில்லையென்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். அப்படியே விட்டால் நல்ல மோட்டாரும் சூடேறி எரிந்துபோகும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பின்தகட்டைக் கழற்றி, பெல்ட்டைக் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்சேட்டர் தடையின்றிச் சுற்றினால் கியர் இறுகவில்லை. அடுத்து கெப்பாசிட்டர் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவைப் பார்த்து, அதே அளவுள்ள, வோல்ட் குறையாத புதிய ஒன்றை மாற்ற வேண்டும். பழையதைத் தொடுவதற்கு முன் அதிலுள்ள மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெளியேற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இணைப்பு இல்லாதபோதும் அது ஆளைத் தூக்கிப்போடும்.

மோட்டாரின் நிலையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. துவைக்கும் மோட்டார் இரு திசையிலும் ஒரே வலிமையுடன் சுற்ற வேண்டியது என்பதால், அதனுள் இருக்கும் இரண்டு வைண்டிங்குகளும் ஒரே மாதிரியானவை. பொது ஒயரிலிருந்து மற்ற இரண்டு ஒயர்களுக்கும் மல்டிமீட்டர் ஏறக்குறைய ஒரே ஓம் அளவைக் காட்டினால் வைண்டிங் அறுந்துபோகவில்லை. அதோடு எந்த ஒயருக்கும் மோட்டார் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிழியும் மோட்டார் ஒரே திசையில் சுற்றுவதால் அங்கே இரண்டு அளவுகளும் வேறுபடும்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிழியும் பக்கத்தையும் இதே நேரத்தில் பாருங்கள். மூடியைத் திறந்ததும் மின்சாரம் நின்று, பிரேக் பிடித்து, டப் சில நொடிகளில் நிற்க வேண்டும். இந்த மெஷின்களில் பிழியும் டப் நிமிடத்துக்கு 1,300 சுற்றை ஒட்டிய வேகத்தில் ஓடும். மூடி சுவிட்ச் கெட்டுப்போனதும் இரண்டு ஒயர்களையும் நேரடியாக முறுக்கி விட்டுவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பெரும் ஆபத்து. அந்த முறுக்கைக் கண்டால், வேறு எதையும் செய்வதற்கு முன் புதிய சுவிட்ச் போடுங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: சவூதியிலிருந்து திரும்பிய என் மைத்துனர் அங்கே பயன்படுத்திய பெரிய அமெரிக்க டாப் லோடு மெஷினைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். 220 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. அப்படியே இங்கே ஓட்டலாமா?

பதில்: வோல்ட்டை மட்டும் பார்த்து இணைப்புக் கொடுத்துவிடாதீர்கள். அதே பட்டையில் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குவைத், அமீரகம், ஓமன், கத்தார் ஆகிய நாடுகளிலும் 50 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்து வரும் மெஷின்கள் இங்கே சிக்கலின்றி ஓடும். சவூதி மட்டும் அமெரிக்காவைப் போல 60 ஹெர்ட்ஸ்.

60 ஹெர்ட்ஸுக்கென்று கட்டிய மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். டைமருக்குள் இருக்கும் சிறு மோட்டாரும் மெதுவாகச் சுற்றுவதால் 10 நிமிட வேலை 12 நிமிடம் எடுக்கும். இவை இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சூடு. அலைவெண் குறையும்போது வோல்ட்டும் அதே விகிதத்தில் குறைந்தால்தான் மோட்டாரின் இரும்புக் கருவில் காந்தப்புலம் அளவோடு இருக்கும். இங்கே வோல்ட் குறையாததோடு சற்றுக் கூடவும் செய்கிறது; மோட்டார் தேவைக்கு மேல் மின்சாரம் இழுத்துக் கொதிக்கும். எனவே 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷினுக்கு சுமார் 185 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அமெரிக்காவிலிருந்தே வந்த 120 வோல்ட் மெஷினாக இருந்தால் 100 வோல்ட். "110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதும்" என்று கடையில் சொல்வார்கள். மோட்டார் நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் 100 வோல்ட்டுக்குக் கட்டித்தரச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் ஹெர்ட்ஸை மாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மெஷினில் பெல்ட்டே இல்லாமல் மோட்டார் நேராகக் கியர் பாக்ஸுடன் இணைந்திருந்தால், அது 1980களின் தொடக்கத்தில் வேர்ல்பூல் கொண்டுவந்த அமைப்பாக இருக்கலாம். இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும் நடுவே ஒரு ரப்பரும் சேர்ந்த கப்ளர் அவை இரண்டையும் இணைக்கிறது. அதிகமாகத் துணி திணித்தால் கியர் உடைவதற்கு முன் அந்த மலிவான கப்ளர் உடைந்து மெஷினைக் காப்பாற்றும். மோட்டார் சத்தம் கேட்டும் தண்டு திரும்பவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். ஒருவேளை மெஷின் 1970களைச் சேர்ந்ததாக இருந்தால் கெப்பாசிட்டரைக் கையுறை போட்டே எடுங்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கெப்பாசிட்டர்களில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருந்ததுண்டு. 1979இல்தான் அங்கே அதன் தயாரிப்பு தடை செய்யப்பட்டது. கசிந்திருந்தால் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு மறுசுழற்சிக்குப் பதிவு பெற்ற நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும்.

காரிமங்கலம் வாசகி: எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வாங்கிய பழைய மெஷினின் டிரம்மில் வெள்ளையாகக் கல் போலப் படிந்திருக்கிறது. பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஊசி குத்தியது போலப் பொத்துவிடும். பிறகு அந்த டிரம்மைக் காப்பாற்ற முடியாது. கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு டப்புக்கு 100 கிராம் அளவில், கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் கரைத்து, சற்று நேரம் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து வெளியேற்றுங்கள். படிவு தடிமனாக இருந்தால் ஒரே நாளில் போகாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் செய்யுங்கள், சுரண்டாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீருடன் எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அஜிடேட்டரோ டப்போ அலுமினியமாக இருந்தால் சிட்ரிக் அமிலமும் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மரக் கரண்டியும் பொறுமையும் போதும்.

நம் மாவட்டங்களின் நிலத்தடி நீர் என்றாலே ஃபுளோரைடு நினைவுக்கு வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்தக் கவலை குடிப்பதற்கான தண்ணீரைப் பற்றியது. மெஷினில் கல்லாகப் படிபவை கால்சியமும் மக்னீசியமும்தான். சேகரிப்பில் இருக்கும் மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது மழைநீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

பர்கூர் வாசகர்: நியாயமான விலை எவ்வளவு? ரசீது தேவையா?

பதில்: காயலான் கடையில் அந்த மெஷினை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ, அதுவே பேச்சின் தொடக்கம். அன்றைய இரும்பு விலையையும் செம்பு விலையையும் கேட்டுக்கொண்டு போங்கள். பாகங்கள் முழுமையாக இருந்தால் அதற்கு மேல் கொடுப்பதில் தவறில்லை. அசல் வாங்கிய ரசீது, உபயோகக் குறிப்புப் புத்தகம், உத்தரவாத அட்டை ஆகியவை இருந்தால் அவற்றுக்காகவும் சேர்த்துக் கொடுக்கலாம். மெஷினின் வயதுக்கு அவையே சரியான சான்று. ரசீது அவசியம். விற்றவரின் பெயர், நாள், மாடல் எண், வரிசை எண் எழுதிய ஒரு தாள் போதும். திருட்டுப் பொருள் என்ற பேச்சு பின்னால் வராது.

அரூர் வாசகர்: மெஷினுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா? பிளாஸ்டிக் பகுதி மஞ்சளாகிவிட்டது.

பதில்: அசல் பெயின்ட் பாதிக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். துருப்பிடித்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் அடித்து, அதே நிறத்தைத் தொட்டுவிடுங்கள். முழு மெஷினையும் தெளிப்பானில் அடித்துப் பளபளப்பாக்கியவர்கள் எழுத்துகளையும் சின்னத்தையும் சேர்த்தே மறைத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மெஷினை எந்த ஆண்டின் தொகுப்பில் வைப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைத்தால் வெளுக்கும். ஆனால் காலப்போக்கில் மஞ்சள் திரும்ப வரக்கூடும். பிளாஸ்டிக்கும் சற்று நொய்ந்துபோகலாம். மெல்லிய மஞ்சள் என்றால் விட்டுவிடுவதே என் விருப்பம்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: ஓசூரில் ஒரு மெஷின் பேசி முடித்திருக்கிறேன். எப்படிக் கொண்டுவருவது? வீட்டில் எப்படி வைப்பது?

பதில்: நிற்க வைத்தே கொண்டுவாருங்கள். டாப் லோடு மெஷினைப் படுக்க வைத்தால் கியர் பாக்ஸ் எண்ணெய் சீல் வழியாகக் கசியும். டப்பைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும் தம் இடத்திலிருந்து கழன்றுவிடும். டப்புக்கும் வெளித்தகட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் நான்கு பக்கமும் பழைய போர்வையோ ஸ்பாஞ்சோ இறுக்கமாகத் திணித்து, மூடியை ஒட்டி, சிறிய சரக்கு வண்டியில் ஓட்டுநர் கேபினின் முதுகோடு சேர்த்துக் கயிறு கட்டுங்கள். ஹோஸில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஏற்றுவதற்கு முன்பே வடித்துவிட வேண்டும். குமிழ்களைக் கழற்றி உறையில் போட்டு உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தொலைவது எப்போதும் அவைதான்.

வீட்டில் நேரடித் தரையில் வைக்காமல், கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மூடியை முழுதாக மூடாமல் சற்றுத் திறந்து வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்காது. டிரெயின் ஹோஸின் வாயைக் கம்பி வலையால் கட்டுங்கள். எலி அதன் வழியாகத்தான் ஏறும். மாதம் ஒருமுறை அரை டப் தண்ணீர் ஊற்றி, துணியில்லாமல் சில நிமிடம் ஓட்டினால் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்காமல் இருக்கும். முதன்முறை இணைப்புக் கொடுக்கும்போது எர்த்து சரியாக இருக்கும் மூன்று பின் பிளக்கில், ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் உள்ள லைனில் மட்டும் கொடுங்கள். பழைய மெஷினின் தகட்டில் மின்கசிவு இருந்தால் கையில் படுவதற்கு முன் அது தானாகவே துண்டித்துவிடும்.